எம்.டி.க்கு எண் ஒன்று

அன்று திங்கட்கிழமை. இரண்டாவது மாடிக் கூட்ட அறையில் நாங்கள் நான்கு பேர் இருந்தோம். மேசையின் தலைப்பக்கம் எம்.டி. அவருக்கு வலப்பக்கம் நிர்வாக மேலாளர் பாஸ்கரன் சார், கோப்புகளை மார்போடு அணைத்தபடி. இடப்பக்கம் என் மேலதிகாரி, கணினிப் பிரிவின் வெங்கிட்ராமன் சார். கதவோரத்தில் நான், உட்காரலாமா நிற்கலாமா என்று தெரியாமல் நாற்காலியின் நுனியில். வராதவர்கள் இரண்டு பேர். ஒருவர் நெடுமங்காடு கிளையின் கணினி ஆப்பரேட்டர் சுகந்தி. பேச்சு முழுக்க அவள் வேலையைப் பற்றித்தான், ஆனால் அவளை யாரும் அழைக்கவில்லை. இன்னொருவர் எம்.டி.யின் டிரைவர் மணியன். விஷயம் தெரிந்த ஒரே ஆள் அவர்தான். கீழே காருக்குள் கண்ணை மூடிக்கொண்டு கிடந்தார். தனக்கு விஷயம் தெரியும் என்பது அவருக்கும் தெரியாது.

போன வருடம் ஓய்வு பெற்றேன். பிரிவுபசாரத்தன்று பிரிவில் புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் பழைய அலமாரியிலிருந்து ஒரு தடித்த பதிவேட்டை எடுத்து வந்து, "சார், ஐ.பி. அட்ரஸை எல்லாம் கையால எழுதி வெச்சிருக்கீங்களே, எதுக்கு?" என்று கேட்டாள். அவள் கைப்பேசி வீட்டில் ஓர் எண்ணோடு இருக்கிறது, பஸ்ஸில் வேறு எண், ஆபீசுக்குள் நுழைந்ததும் இன்னொன்று. அவளுக்கு அது தெரியாது, தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. போன இடத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளும் புத்தி கருவிக்கே இருக்கிறது. எங்கள் காலத்தில் அந்த ஏற்பாட்டை நாங்கள் செய்துவைக்கவில்லை. எண்ணை நாங்களே விரலால் அடித்துக் கொடுத்தோம். பெட்டியை எங்கே தூக்கிக்கொண்டு போனாலும் அதே எண் அதோடு போகும். அது எந்த இடத்து எண் என்று யாரும் கேட்பதில்லை. அவளுக்குச் சொன்ன பதில் எனக்கே பாதியாகப் பட்டது. மீதியை இங்கே எழுதுகிறேன்.

என்னைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. அப்பா சாலைக் கம்போளச் சந்தையில் மூட்டை தூக்கும் சுமட்டுத் தொழிலாளி. கையெழுத்துக்குப் பதில் கைநாட்டு. வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். பாலிடெக்னிக்கில் மூன்று வருடம், ஒரு கம்ப்யூட்டர் கடையில் ஒன்றரை வருடம், அதன்பின் தேர்வெழுதி இந்தக் கழகம். அரசுக் கழகம்தான், பெயர் வேண்டாம். சிறு தொழில்களுக்குக் கடன் கொடுக்கும். தலைமை அலுவலகம் பழவங்காடியிலிருந்து நடந்து போகிற தூரம். பதினொரு கிளைகள். முதல் மாதம் அப்பா கேட்டார்: "என்னடே வேலை பாக்கே?" மெஷின்களுக்கு நம்பர் போடுகிறேன் என்றேன். "நம்பர் போடுகதுக்கா சம்பளம் தாறாவ?" என்று இரண்டு நாள் சிரித்தார்.

அந்த நம்பர் போட்ட கதையைச் சொன்னால்தான் மற்றது புரியும்.

தலைமை அலுவலகத்தில் கணினிகளைக் கம்பியால் இணைத்தபோது ஒவ்வொன்றுக்கும் ஒரு முகவரி வேண்டியிருந்தது. முகவரியின் முன்பகுதி எல்லாவற்றுக்கும் ஒன்றே, கடைசி எண் மட்டும் வேறு. ஒரே கம்பியில் இரண்டு பெட்டிகளுக்கு ஒரே எண் வரக் கூடாது, அவ்வளவுதான் விதி. எந்த எண்ணை எதற்குக் கொடுப்பது என்பது எங்கள் இஷ்டம். வெங்கிட்ராமன் சார் சர்வருக்கு ஒன்று என்று பதிவேட்டில் எழுதி, மையை ஒற்றிக்கொண்டிருந்தார். பாஸ்கரன் சார் எட்டிப் பார்த்தார்.

"ஒண்ணு யாருக்கு?"

"சர்வருக்காக்கும்."

"சர்வரோட பதவி என்னவாணு?"

சார் பேனாவை மூடினார். பாஸ்கரன் சார் கேலியாகக் கேட்கவில்லை. அவர் பிரிவில் டெலிபோன் எக்ஸ்டென்ஷன், கார் ஷெட், சாப்பாட்டு மேசை எல்லாமே சீனியாரிட்டி வரிசைதான். மறுநாள் பணிமூப்புப் பட்டியலின் நகல் வந்தது. அதன்படி எம்.டி. ஒன்று, ஜெனரல் மேனேஜர் இரண்டு, அப்படியே கீழே. சர்வர் நாற்பதாவது எண்ணுக்குப் போயிற்று, வண்டிப் பிரிவு கிளார்க்குக்கு அடுத்து. அதை ஆபீஸ் ஆர்டராகவே போட்டார்கள். எம்.டி.க்குப் புது லேப்டாப் வந்தபோது மேசைக் கணினியை எடுத்துவிட்டு, ஆர்டர்படி லேப்டாப்பில் ஒன்று என்று அடித்தது நான்.

கிளைகளுக்கும் நான்தான் போனேன். அங்கே பணிமூப்புப் பட்டியல் கேட்க ஆளில்லை. தலைமை அலுவலகத்து முன்பகுதியையே எல்லாக் கிளைக்கும் போட்டேன். கிளைகள் ஒன்றோடொன்று கம்பியால் சேர்ந்திருக்கவில்லை, சாயங்காலம் மோடம் போட்டுக் கணக்கை அனுப்பினால் போதும், அதனால் ஒன்றும் கெடாது என்று நினைத்தேன். முதலில் வைத்த பெட்டி சர்வர். அதற்கு ஒன்று என்று அடித்தேன். பதினொரு இடத்திலும்.

இனி திங்கட்கிழமைக்கு வருகிறேன். எம்.டி. பேசியது மலையாளமும் இங்கிலீஷும் கலந்து, சாரத்தைச் சொல்கிறேன். பொன்முடிப் பக்கம், கல்லாறு பக்கம் போகும்போதெல்லாம் நெடுமங்காடு கிளையில் இறங்குகிறார். மூன்று தடவை இறங்கினார். மூன்று தடவையும் அவர் உட்கார்ந்த சில நிமிஷத்தில் கவுண்டர் முழுக்க நின்றுபோகிறது. தவணை கட்ட வந்தவர்கள் வரிசையில் நின்று முணுமுணுக்கிறார்கள். அவர் காரில் ஏறியதும் எல்லாம் ஓடத் தொடங்குகிறது. "அந்த நேரத்தில் என் பிரிண்ட் மட்டும் அழகாக வருகிறது. அப்படியானால் கம்பி நன்றாகத்தான் இருக்கிறது. யாரோ வேண்டுமென்றே நிறுத்துகிறார்கள். சர்வர் சாவி யார் கையில்?"

"அந்தக் குட்டி, சுகந்தி," என்றார் பாஸ்கரன் சார். கோப்பைத் திறந்தார். "சார், ஹண்ட்ரட் அண்டு செவன்டி நைன் டேஸ் வெள்ளிக்கிழமை தீருது."

எம்ப்ளாய்மென்ட் எக்ஸ்சேஞ்ச் வழியாக வரும் தற்காலிக வேலை அது. நூற்று எழுபத்தொன்பது நாள். கழகத்துக்கு ஆள் வேண்டுமென்றால் அதற்குமேல் தனி உத்தரவு போட்டு நீட்டிக்கலாம், வேண்டாம் என்றால் பேசாமல் இருந்தால் போதும். 'நீட்டிக்க வேண்டாம்' என்று எம்.டி. அங்கேயே குறிப்பெழுதினார். வெங்கிட்ராமன் சார் தொண்டையைச் செருமினார்.

"டெக்னிகல் காரணம் ஏதாவது இருக்கலாம், சார். பாத்துட்டுச் சொல்றேன்."

"வியாழக்கிழமைக்குள். எழுத்தில்."

செவ்வாய்க்கிழமை முதல் பஸ்ஸில் நெடுமங்காடு போனேன். கிளையில் நான்கு கணினிகள், ஒரு அலமாரிக்குள் சர்வர். சுகந்திக்கு இருபத்திரண்டு வயது இருக்கும். பாறசாலைக்காரி, எங்கள் பக்கத்துப் பேச்சு. என்னைக் கண்டதும் எழுந்து நின்றாள்.

"அண்ணே, என்ன வேலையில இருந்து பிரிச்சு விட வந்திருக்கியளா?"

"ஏன், யாரு சொன்னா?"

"ஒருத்தரும் சொல்லாண்டாம். மேனேஜர் சாரு இன்னைக்குக் காலத்தயே டீ வாங்கித் தந்தாவ. ஆறு மாசத்துல இதுதான் முத டீ."

வேலைக்கு வந்த நாள் முதல் எழுதிய ஒரு நோட்டை எடுத்துக் கொடுத்தாள். எந்தத் தேதி, எத்தனை மணிக்கு நின்றது, எத்தனை மணிக்கு வந்தது. கரண்ட் போனது பச்சை மையில், காரணம் தெரியாதது சிவப்பில். சிவப்பு மூன்றே இடத்தில். மூன்றும் எம்.டி. வந்த நாள்.

"மெஷினுக்கும் சாரைக் கண்டா பேடி போலிருக்கு, பயந்து நின்னுபோகுது," என்றான் பக்கத்துக் கவுண்டர்க்காரன்.

"நீரு சும்மா இரியும்," என்றாள் அவனிடம். பிறகு என்னிடம் குரலைத் தாழ்த்தி, "அண்ணே, சாரு வந்தா நான் எனக்க ஸீட்ட விட்டு எழும்புகதே இல்ல. எனக்க கை அந்த அலமாரிகிட்ட போகாது. வேணும்னா பைபிள் மேல அடிச்சுச் சொல்லுகேன். எனக்க சம்பளத்துலதான் தம்பி வாத்தியார் வேலைக்கு டி.டி.சி. படிக்கான்."

கம்பிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கிச் சொருகினேன். கம்பிகளெல்லாம் வந்து சேரும் ஹப்பை மாற்றிப் பார்த்தேன். ஒரு குறையும் இல்லை. கடைசியாகச் சர்வரின் திரையைத் திறந்து எண்ணைப் பார்த்தேன். ஒன்று. பார்த்தேன் என்பதைத் தவிர அப்போது ஒன்றும் தோன்றவில்லை. திரும்பி வரும் பஸ்ஸில், வழயிலை தாண்டும்போது, முதுகு நேராகிவிட்டது. எம்.டி. தம் குறிப்புகளை அங்கேயே அச்செடுத்துக் கையெழுத்திடுவார். அதற்கு லேப்டாப்பைக் கிளையின் கம்பியில் சொருகுவார்கள். அந்த லேப்டாப்பும் ஒன்று. ஒரு தெருவில் ஒரே கதவு எண்ணோடு இரண்டு வீடுகள். கவுண்டர்கள் சர்வருக்கு அனுப்புவதெல்லாம் எம்.டி.யின் மடியில் போய் விழுகிறது. அவர் பிரிண்ட் போவது சுகந்தியின் கணினியில் இருக்கும் அச்சு இயந்திரத்துக்கு, அதன் எண் வேறு. ஆகவே அது மட்டும் வருகிறது.

கண்டுபிடித்த சந்தோஷம் பேரூர்க்கடை வரைகூட நிற்கவில்லை. இரண்டு ஒன்றும் நான் அடித்தவை.

அன்றே சாரிடம் சொன்னேன். என் பங்கையும் சேர்த்தே சொன்னேன். வெங்கிட்ராமன் சார் கரமனை அக்கிரகாரத்துக்காரர். அவர் ஒரு பழுதைப் பற்றிப் பேசும் முறை பிரிவு முழுக்கப் பிரசித்தம். கண்முன்னால் மூன்று தரம் நடக்காத எதையும் பழுது என்று ஒப்புக்கொள்ள மாட்டார். ஒவ்வொரு தடவையும் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசையில் வைத்து, நிமிஷத்தை எழுதி, நடந்ததை ஒரே வரியில் எழுதி, கோடு போடுவார்.

"நீ சொல்றது நியாயமாத்தான் இருக்கு. ஆனா நியாயத்துக்கு நான் கையெழுத்துப் போடறதில்லே, கேட்டயோ. கண்ணால காணணும். மூணு தரம்."

புதன்கிழமை காலை வைரஸ் பார்க்க வேண்டும் என்று சொல்லி எம்.டி.யின் லேப்டாப்பை வாங்கி வந்தோம். எங்கள் அறையில் ஒரு சின்னக் கிளையையே அமைத்தேன்: ஒன்று என்ற எண்ணோடு ஒரு பழைய சர்வர், அதைக் கேட்டு ஓடும் இரண்டு கணினிகள், அவற்றில் ஒன்றோடு ஓர் அச்சு இயந்திரம். லேப்டாப்பில் கம்பியைச் சொருகி, பட்டனை அழுத்தினேன். சார் கடிகாரத்தைப் பார்த்தார்.

லேப்டாப் எழுந்தது. எழும்போதே, இந்த எண்ணில் வேறொருவர் இருக்கிறார் என்று திரையில் ஒரு செய்தி காட்டி, தானே ஒதுங்கிக்கொண்டது. பக்கத்துக் கணினிகள் ஒரு நொடிகூட நிற்கவில்லை.

மறுபடி அணைத்து, மறுபடி எழுப்பினேன். அதே செய்தி, அதே ஒதுக்கம். மூன்றாம் தரமும் அப்படியே. சார் மூன்று கோடு போட்டார். கடைசியில் எழுதினார்: 'பழுது காணப்படவில்லை.'

"சார், இதேதான் சார். வேற ஒண்ணும் இருக்க முடியாது."

"இதேன்னா நின்னுருக்கணுமே? உன் லேப்டாப்பு மரியாதையா விலகிப் போறதே."

"அந்தப் பொண்ணுக்கு நாளை மறுநாள் கடைசி நாள் சார்."

"அதுக்காக நான் காணாததைக் கண்டேன்னு எழுதணுமோ?" அவர் குரல் உயர்ந்து நான் கேட்டது அந்த ஒரு தடவைதான். "நாளைக்கு எம்.டி. இங்கேயே செஞ்சு காட்டுன்னா, இந்தச் செய்தியைக் காட்டுவியோ? அப்போ அவ மேலே சந்தேகம் இன்னும் உறுதியாகும்டா."

அவர் சொன்னது சரி. அதுதான் எரிச்சல். லேப்டாப்பை அணைத்து, மூடி, பையில் போட்டு, படியிறங்கினேன். பசியே இல்லை. மணியன் காரின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். தலைநகரத்தில் முப்பது வருஷம் இருந்தும் ஊர்ப்பேச்சு மாறாத மனிதர்.

"எடே ஜஸ்டினே, இதை அணைச்சிட்டியா?"

"ஆமா அண்ணே, அணைச்சிட்டேன்."

"அய்யோ, நான்தான் சீத்தயும் ஏச்சும் கேக்கணும். அது முழிச்சு வர எட்டு நிமிஷம் எடுக்கும்லா? சாருக்கு அவ்வளவு க்ஷமயும் பொறுமையும் கிடையாது. கார்ல ஏறும்போதே ஓன் ஆக்கி ஸீட்டுல வச்சிருக்கணும். இறங்குகப்போ நான் அதைத் திறந்தபடியே, தாலத்துல பலகாரம் மாதிரி, ரெண்டு கையிலயும் ஏந்திட்டுப் போவேன். ஒரு தடவ மூடிட்டேன். கல்லாறு வரைக்கும் வசவு."

"அப்ப கம்பி எப்ப சொருகுவாங்க?"

"மேசையில வச்ச பொறவுதான். காருக்குள்ள ஏதுடே கம்பி?"

பையைத் தூக்கிக்கொண்டு இரண்டு இரண்டு படியாக ஏறினேன். பின்னால், "எடே, வைரஸ் பின்னயும் இருக்கா?" என்று கத்துவது கேட்டது.

அந்தக் காலத்து லேப்டாப் எழும்பும் நேரத்தில் ஒரே ஒரு தடவைதான் கேட்கும்: இந்த எண்ணில் யாராவது இருக்கிறார்களா? நான் கம்பியைச் சொருகிவிட்டு எழுப்பினேன். அது கேட்டது, சர்வர் இருக்கிறேன் என்றது, லேப்டாப் விலகியது. காருக்குள் அது தனியாகக் கேட்கிறது. யாரும் பதில் சொல்லவில்லை. ஆகவே ஒன்று எனக்குத்தான் என்று முடிவு செய்துகொள்கிறது. விழித்தபடி கிளைக்குள் நுழைந்து கம்பியில் ஏறிய பிறகு அது மறுபடி கேட்பதே இல்லை.

லேப்டாப்பைக் கம்பியில்லாமல் எழுப்பினேன். எட்டு நிமிஷம். சார் சாப்பாட்டு டப்பாவைத் திறந்துவைத்துவிட்டுச் சாப்பிடாமல் பார்த்துக்கொண்டிருந்தார். கம்பியைச் சொருகினேன். ஒரு பக்கம் அச்சுக்குக் கொடுத்தேன். அச்சு அழகாக வந்தது. நாற்பது நொடியில் இரண்டு கணினிகளும் உறைந்தன. கம்பியைப் பிடுங்கினேன். சிறிது நேரத்தில் இரண்டும் ஓடின.

"ஒண்ணு," என்றார் சார், கோடு போட்டார். "இன்னும் ரெண்டு தரம்."

மூன்றாம் தரம் முடிந்தபோது அவர் மோர்சாதம் ஆறிக் கட்டியாகியிருந்தது. கடிகாரத்தைக் கட்டிக்கொண்டு, "இப்போ கையெழுத்துப் போடலாம்," என்றார்.

அறிக்கையை எழுத ராத்திரி வரை ஆகவில்லை, ஆனால் ஒரு வரிக்குச் சாயங்காலம் முழுக்க ஆயிற்று. 'எம்.டி.யின் லேப்டாப்பால்' என்று சார் எழுதினார், அடித்தார். 'பயணத்தில் உள்ள ஒரு கணினியால்' என்று எழுதினார். பாஸ்கரன் சாரை அழைத்து, எம்.டி.யின் எண்ணை மட்டும் மாற்றிவிட்டால் தீர்ந்தது, இரண்டு நிமிஷ வேலை என்று சொல்லிப் பார்த்தார்.

"மாற்றி என்ன கொடுப்பீர்?"

"நூத்தம்பது, இருநூறு, எது வேணும்னாலும்."

"எம்.டி.க்கு இருநூறு! ஒண்ணாம் நம்பரை யாருக்குக் கொடுக்கப் போறீர், சர்வருக்கா? ஆபீஸ் ஆர்டரைத் திருத்த அவரேதான் கையெழுத்துப் போடணும். நீர் போய்க் கேளும்."

வியாழக்கிழமை, அதே அறை, அதே நான்கு பேர். எம்.டி. அறிக்கையை இரண்டு தடவை படித்தார்.

"பயணத்தில் உள்ள கணினி என்றால் எது?"

சார் வாயைத் திறக்குமுன் நான் எழுந்து நின்றுவிட்டேன். எனக்கு மலையாளம் சரளம்தான், அன்றைக்கு ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்தேன். "உங்களுடையதுதான் சார். அதில் ஒன்று என்று அடித்ததும் நான், கிளையில் ஒன்று என்று அடித்ததும் நான். சுகந்தி எதையும் தொடவில்லை. அவள் நோட்டு என்னிடம் இருக்கிறது."

சிவப்பு மை பக்கங்களைத் திறந்து மேசையில் வைத்தேன். மூன்று தேதிகள். எம்.டி. தம் டைரியைப் புரட்டி ஒத்துப் பார்த்தார். என் வேலை போனது என்றே நினைத்தேன். அப்பாவிடம் எப்படிச் சொல்வது என்றுகூட யோசித்துவிட்டேன்.

அவர் கோபப்படவில்லை. நோட்டை மூடி என் பக்கம் தள்ளினார். "அந்தப் பெண் இருக்கட்டும்." பிறகு சாரைப் பார்த்து, "என்னுடையதைத் தொட வேண்டாம். மற்றதையெல்லாம் மாற்றிவிடுங்கள்," என்றார்.

அப்படித்தான் ஆர்டர் வந்தது. ஒரு லேப்டாப்பின் எண்ணை மாற்றுவதற்குப் பதிலாகப் பதினொரு கிளைகளிலும் சர்வர் எண்ணை மாற்ற வேண்டும், அதோடு ஒவ்வொரு கவுண்டரும் புது எண்ணைத் தேடும்படி செய்ய வேண்டும். நான் தயாரானேன். சுகந்தி இருக்கட்டும் என்று எம்.டி. வாயால் சொன்னாரே தவிர, திங்கட்கிழமை 'நீட்டிக்க வேண்டாம்' என்று கைப்பட எழுதியது கோப்பில் இருந்தது. எழுதியதை எழுதித்தான் மாற்ற முடியும் என்றார் பாஸ்கரன் சார். புதுக் குறிப்பு எழுத வேண்டும், அது மூன்று மேசை ஏறி இறங்க வேண்டும். வெள்ளிக்கிழமை நூற்று எழுபத்தொன்பதாவது நாள் முடிந்தது. உத்தரவு வரவில்லை. சாயங்காலம் அவள் சர்வர் சாவியை மேனேஜரிடம் கொடுத்து, ரசீது எழுதி வாங்கிக்கொண்டு, பாறசாலைக்கு பஸ் ஏறினாள்.

நான் தினமும் பாஸ்கரன் சாரின் பிரிவுக்குப் போய் நின்றேன். மூன்றாம் நாளிலிருந்து அங்கிருந்தவர்கள் என்னைப் பார்த்ததும், "வந்நல்லோ, நூற்று எழுபத்தொன்பது!" என்று சிரிக்கத் தொடங்கினார்கள். வெங்கிட்ராமன் சார் ஒரு நாள் தானே எழுந்து போனார். கடிகாரத்தைக் கழற்றிப் பாஸ்கரன் சாரின் மேசைமேல் வைத்துவிட்டு, எதிர் நாற்காலியில் ஒரு வார்த்தை பேசாமல் உட்கார்ந்திருந்தார். அன்று கோப்பு ஒரு மேசை நகர்ந்தது.

இடையில் மற்ற பத்துக் கிளைகளையும் முடித்தேன். நெடுமங்காடு மட்டும் நின்றது. ஆப்பரேட்டர் இல்லாத கிளையில் சர்வரைத் தொடக் கூடாது என்பது எங்கள் பிரிவின் விதி, அதுவும் சார் எழுதியது. உத்தரவு வந்து அவள் திரும்பச் சேர்ந்த நாளில் போனேன். பக்கத்தில் நின்று பார்த்தாள். சர்வரில் ஒன்றை அழித்து இருநூறு என்று அடித்தேன். மணிக்கூண்டு முள் போல அவள் கண்கள் என் விரலையே சுற்றின.

"இம்புட்டுதானா அண்ணே?"

"இம்புட்டுதான்."

அவள் நோட்டை எடுத்து நேரத்தை எழுதினாள், எந்த மையில் எழுதுவது என்று கொஞ்சம் யோசித்துவிட்டு.

பதினொரு கிளைக்குப் போய்வந்த பஸ் கட்டணமும் தினப்படியுமாகக் கழகம் எனக்குத் தந்தது நாலாயிரத்து எழுநூற்று எண்பத்தைந்து ரூபாய். சுகந்தி வீட்டில் இருந்த இருபத்து மூன்று வேலை நாளுக்குச் சம்பளம் கிடையாது என்று எழுதி வந்தது. நாளொன்றுக்கு நூற்றுப் பத்து, ஆக இரண்டாயிரத்து ஐநூற்று முப்பது.